புதிய மனைப்பிரிவு அனுமதியும் மழைநீர் வடிகாலும்: நிலைப்பாட்டு அறிக்கை

சென்னையின் தெற்குப் புறநகரில் பெரும்பகுதி மழைநீர் ஏரிகளின் வழியாகவே கடலை அடைகிறது. மேலுள்ள ஏரி நிரம்பியதும் உபரிநீர் கலங்கலில் வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி, கீழுள்ள ஏரிக்கு வரத்தாகிறது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் இத்தகைய தொடரில் அமைந்தவை. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் செல்கிறது. நிலத்தின் சாய்வு மிகக் குறைவு. வழியில் ஓரிடம் அடைபட்டாலும் அதற்கு மேலுள்ள தெருக்களில் நீர் தேங்கும்.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் சேரும். அன்றைய மழையில் ஒவ்வோர் ஏக்கரிலும் விழுந்தது சுமார் 20 லட்சம் லிட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இத்தகைய மழை மீண்டும் வரும் என்று கொண்டே ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் அனுமதி வழங்க வேண்டும்.

இன்றைய நடைமுறையின் குறை

தாழ்வான நிலத்தில் மனைப்பிரிவு போட விண்ணப்பிப்பவர் வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று பெற வேண்டும். நிலத்தை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துவது அச்சான்றில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. கிராவல் மண் கொட்டி மனை மேடாக்கப்படுகிறது. புதிய வீடு தப்பிக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெள்ளம் நிற்கும் இடத்தில் ஓர் ஏக்கரை மேடாக்கினால், அங்கே நின்ற 40 லட்சம் லிட்டர் நீர் பக்கத்து நிலத்துக்குத் தள்ளப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய பழைய வீடுகளுக்குள் வெள்ளம் புகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கால்வாய்களுக்கு நேர்வதும் இதைப் போன்றதே. மூன்று மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள வாய்க்காலின் குறுக்கே 60 செ.மீ. விட்டமுள்ள ஒரே குழாயைப் பதித்து மேலே சாலை போட்டால், நீர் செல்லும் வழி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகிறது. புலப்படத்தில் வாய்க்கால் முழு அகலத்துடன் இருக்கும். களத்தில் சுற்றுச்சுவர்தான் இருக்கும். தனித்தனியாக அனுமதி பெற்ற பத்து மனைப்பிரிவுகளின் நீரும் ஒரே வாய்க்காலில் இறங்குகையில், அதன் கொள்ளளவை எந்தக் கோப்பும் மொத்தமாகக் கணக்கிடுவதில்லை.

நிலைப்பாடு

ஒரு மனைப்பிரிவின் நீரைப் பக்கத்து நிலத்தின் மேல் தள்ளிவிடும் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி வழங்கக் கூடாது. மனை மூழ்காது என்பதைக் காட்டுவது மட்டும் போதாது. அங்கு விழும் நீர் எந்த வழியாக, எந்த நீர்நிலைக்குப் போய்ச் சேரும் என்பதையும் விண்ணப்பம் காட்ட வேண்டும். இதற்கு ஆறு நிபந்தனைகள் தேவை.

1. கட்டுமானத்துக்குப் பின் மனைப்பிரிவிலிருந்து நொடிக்கு வெளியேறும் நீரின் உச்ச அளவு, அந்நிலம் வெறும் மண்ணாக இருந்தபோது வெளியேறியதைவிடக் கூடக் கூடாது. கான்கிரீட்டும் தார்ச்சாலையும் கூட்டும் நீரைத் தேக்கி மெதுவாக விடும் குட்டையோ தொட்டியோ வளாகத்துக்குள்ளேயே அமைய வேண்டும்.

2. மண் கொட்டி மேடாக்கும் அளவுக்கு ஈடான நீர்த்தேக்க இடத்தை அதே வடிநிலப் பகுதியில் தோண்டித் தர வேண்டும்.

3. வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் உள்ள முழு அகலத்தில் நிலைக்க வேண்டும். திசைமாற்றம் கூடாது. கடக்கும் இடத்தில் முழு அகலச் சிறுபாலமே கட்ட வேண்டும்.

4. ஒரே ஏரியின் நீர்ப்பிடிப்பில் வரும் விண்ணப்பங்களைச் சேர்த்தே ஆராய வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்றவற்றின் நீரும் கணக்கில் வர வேண்டும்.

5. வடிகால் கட்டி முடித்து, அது சென்று சேரும் நீர்நிலை வரை இணைத்த பிறகே மனை விற்பனைக்கும் பணிநிறைவுச் சான்றுக்கும் அனுமதி தர வேண்டும். பாதியில் நிற்கும் வடிகால் கழிவுநீர்க் குட்டையாகிவிடுகிறது.

6. வெள்ள மட்டம், மேடாக்கிய உயரம், நீர் வெளியேறும் பாதை ஆகியவற்றை மனை வாங்குபவர் பார்க்கும்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவில் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு நிலத்தடி நீருக்கு அவசியம். ஆனால் அது வடிகாலுக்கு மாற்றாகாது. சதுப்புநிலத்தை ஒட்டிய களிமண்ணில் நீர் மெதுவாகவே இறங்கும். நவம்பர் இறுதிக்குள் நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்துவிடுவதால், டிசம்பர் கனமழையில் உறிஞ்சுகுழிகள் நிரம்பியே நிற்கும்.

பராமரிப்பும் பொறுப்பும்

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் தூர்வாராத வடிகால் இருந்தும் பயனில்லை. மனைப்பிரிவை உள்ளாட்சி அமைப்பு ஏற்கும் வரை இந்தப் பணி கட்டுமான நிறுவனத்துடையது. அதற்கான வைப்புத்தொகையை அனுமதியின்போதே பெற வேண்டும். ஏற்ற பின் பொறுப்பு முழுவதும் உள்ளாட்சியைச் சேரும்.

இந்நிபந்தனைகளால் மனை விலை ஓரளவு உயரலாம். அச்செலவு இன்றும் இருக்கத்தான் செய்கிறது. தாழ்வான தெருவில் குடியிருப்பவர் நனைந்த மெத்தை, பழுதான குளிர்பதனப் பெட்டி, வேலைக்குப் போக முடியாத நாள்களின் கூலி என்று அதைச் செலுத்திவருகிறார். வீட்டை உருவாக்கி விற்பவரே அதை ஏற்பதுதான் நியாயம்.

வீடுகள் பெருக வேண்டும். ஏழைகளுக்கும் நகரத்தில் இடம் வேண்டும். அதனால்தான் தனியார் மனைப்பிரிவுக்கும் அரசு வாரியங்கள் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இதே நிபந்தனைகள் விதிவிலக்கின்றிப் பொருந்த வேண்டும்.