பதிவேட்டில் இல்லாத உடம்பு

ரீனா பானர்ஜி எதிர் தில்லி அரசு வழக்கில் 2025 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு அளித்த தீர்ப்பை, அறிவுசார் குறைபாடு உடையவர்களோடு வேலை செய்கிற எல்லோரும் இதற்குள் படித்திருப்பார்கள். தில்லி ரோகிணியில் உள்ள ஆஷா கிரண் இல்லத்தைப் பற்றிய வழக்கு அது. இப்போது நாடு முழுவதும் உள்ள இத்தகைய இல்லங்களைக் கண்காணிக்கும் ஏற்பாடாக விரிந்திருக்கிறது. எட்டு தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் இல்லம் இல்லமாகப் போய்ப் பார்க்க வேண்டும், ஆறு மாதத்தில் அறிக்கை தர வேண்டும். ‘புராஜெக்ட் எபிலிட்டி எம்பவர்மென்ட்’ என்று நீதிமன்றமே பெயரும் வைத்திருக்கிறது.

வரவேற்க வேண்டிய உத்தரவு இது. 2024 ஜூலையில் ஆஷா கிரணில் ஒரே மாதத்தில் 14 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, அங்கே குடிக்கிற தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்வதற்கே உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. வெளியாட்கள் கதவைத் தட்டாத வரை இல்லங்களுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் வரப்போகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? கட்டில்களை எண்ணுவார்கள். கழிப்பறை, சமையலறை, தீயணைப்புச் சான்று, ஊழியர் வருகை, பதிவுச் சான்றிதழ் எல்லாம் பார்ப்பார்கள். அந்தக் கட்டிலில் படுத்திருக்கிற நாற்பது வயதுக்காரரின் வாயைத் திறந்து பார்க்க அவர்களுக்குத் தெரியாது. அது அவர்கள் குற்றமும் அல்ல.

வாசகர்களில் யாருக்கும் புதிதல்லாத ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளலாம். பேச்சு வராத ஒருவர் கொஞ்ச நாளாகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். இரவில் தூக்கம் இல்லை. ஓ.பி. சீட்டில் இரண்டே சொல்: ‘பிஹேவியர் பிராப்ளம்’. ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராம் 4 ஆகிறது. அடங்கவில்லை என்றால் இன்னொன்றும் சேர்கிறது. அறைகிற கை எப்போதும் ஒரே பக்கத்துக்குத்தான் போகிறது என்பதை இல்லத்து ஆயாம்மா கவனித்திருப்பார், ஆனால் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைவாய்ப்பல்லின் அடியில் சீழ் கட்டியிருக்கும். டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். நோயைக் குறைபாடு மறைத்துவிடுகிறது, வலி நடத்தையாகப் படிக்கப்படுகிறது.

பல் மட்டுமல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர் மந்தமாகிவிட்டார் என்றால் தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, கண்புரை, நாற்பதுகளிலேயே தொடங்கக்கூடிய அல்ஸைமர் என வரிசையாக யோசிக்க வேண்டும். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறார்கள். மலச்சிக்கலை நோயாகவே யாரும் எண்ணுவதில்லை. 2012-ல் இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 33 வயது இளைஞர் அதனால்தான் இறந்தார். அறுவையில் அவர் வயிற்றிலிருந்து 10 கிலோ அளவுக்கு மலம் அகற்றப்பட்டது. வாழ்நாள் முழுக்க மலச்சிக்கல் இருந்ததென்று எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒருவர் அவர்.

இவ்விதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை ஒன்றே: இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்களின் உடம்புக்குப் பொறுப்பாளி இல்லை. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையிலிருந்து அறிவுசார் குறைபாட்டை விலக்கிவிட்டது. விலக்கியது சரிதான், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மனநோய்க்கான மருந்துகளை அதிகம் விழுங்குகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள். மனநல நிறுவனங்களை மனநல ஆணையம் கேள்வி கேட்கலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பதிவாகும் இல்லத்தில் மருந்து அட்டையை யார் கேட்பது? சுகாதாரத் துறையிடம் போனால் அது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் வேலை. அங்கே போனால் மருத்துவம் எங்கள் வேலை இல்லை. கோப்பு இரண்டு துறைக்கும் நடுவே நிற்கிறது, மாத்திரை மட்டும் நாள் தவறாமல் உள்ளே போகிறது.

பிள்ளையாக இருக்கும்வரை நிலைமை இவ்வளவு மோசமில்லை. 2013-ல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டம் 18 வயது வரை பார்த்துக்கொள்கிறது. 18 முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளையின் தாய் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. இவர்களுக்கான நிராமயா மருத்துவக் காப்பீட்டின் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். இன்று ஒரு பெரிய அறுவைக்கு அது எந்த மூலைக்கு?

பல் எடுக்க மயக்க மருந்து தர வேண்டும் என்றால் சட்டப்படியான காப்பாளர் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் உண்டு. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு கூடி அந்தச் சான்றிதழ் தரும்வரை வலி காத்திருக்க வேண்டும். இதே நாட்டில்தான், 1994-ல் புணே மாவட்டம் ஷிரூர் அரசு இல்லத்துப் பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தத்தைக் காரணம் காட்டிக் கருப்பையை அகற்றினார்கள். அன்று அந்தப் பெண்களின் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மருத்துவக் கல்வியில் மாற்றுத்திறன் பற்றிய பாடம் இருக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-ல் எம்.பி.பி.எஸ். படிப்பில் அதற்கென்று ஏழு மணிநேரம் கிடைத்தது. ஐந்தரை ஆண்டுப் படிப்பில் ஏழே மணிநேரம்! 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதுவும் விடுபட்டிருந்தது. மாற்றுத்திறனாளி மருத்துவர்களே எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டம் கட்டாயமாக்கிய ஒன்றை ஒரு வழிகாட்டுதலால் கைவிட முடிகிறது என்றால், இந்த மக்களை ஆணையம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது விளங்குகிறது.

இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு 14 வயது முதல் ஆண்டுதோறும் உடல்நலப் பரிசோதனை உண்டு. அவர்களின் இறப்பு ஒவ்வொன்றையும் ஆராயும் திட்டமும் உண்டு. 2022-ல் இறந்தவர்களின் இடைநிலை வயது 62.9 என்றும், அந்த இறப்புகளில் 42 விழுக்காடு தவிர்த்திருக்கக்கூடியவை என்றும் அந்தத் திட்டம் வெளியே சொன்னது. வெட்கப்பட வேண்டிய எண்கள்தான். ஆனாலும் அவர்கள் எண்ணுகிறார்கள். இங்கே எண்ணவே தொடங்கவில்லை.

தமிழ்நாட்டால் தொடங்க முடியும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதே பணியாளர் கையில் இன்னொரு படிவம் இருந்தால் போதும்: பல், கண், காது, தைராய்டு, எடை, வயிறு, மருந்துப் பட்டியல். இல்லத்தில் இருப்பவர்களைவிட வீட்டில், வயதான பெற்றோரோடு இருக்கும் பெரியவர்களே அதிகம். அவர்களை இந்தத் தீர்ப்பின் கண்காணிப்பு எட்டாது. இந்தப் படிவம் எட்டும்.

அதுவரை இல்லம் நடத்தும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்காணிப்புக் குழு வரும் நாளில் வழக்கமான பதிவேடுகளோடு ஒரு நோட்டையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே கடைசியாகப் பல் பார்த்த தேதி, ரத்தம் எடுத்த தேதி, மனநல மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவர் யோசித்துப் பார்த்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். தேதி இல்லாத கட்டங்களை நிரப்ப வேண்டாம். காலியாகவே காட்டுங்கள்.