தம்பி, டிரெண்டிங்கை நாங்க பார்த்துக்கறோம். நீ படி!



போன வாரம் ஒரு ஹேஷ்டேக்கை டிரெண்ட் பண்ணிட்டு இருந்தோம். ராத்திரி மணி 1:10. இன்பாக்ஸ்ல ஒரு மெசேஜ். "அண்ணா, நாப்பது போஸ்ட் போட்டுட்டேன். இன்னும் போடணுமா?"

"சூப்பர் தம்பி, என்ன பண்றீங்க?"ன்னு கேட்டேன்.

"பிளஸ் டூ அண்ணா. காலைல கெமிஸ்ட்ரி ரிவிஷன் டெஸ்ட்."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. "போய்த் தூங்குப்பா"ன்னு மட்டும் அனுப்பினேன். அவன் அதுவரைக்கும் தூங்காம இருந்ததுக்கு நானும் ஒரு காரணம். அந்த உறுத்தல்லதான் இந்தப் பதிவு.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கட்டுப்பாடே இல்ல"ன்னு சொல்றது ஈஸி. ஆனா எஞ்சினியரிங் படிச்சவன்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சீரியலுக்கு "தொடரும்" உண்டு. ரீல்ஸுக்கு முடிவே கிடையாது. எந்த வீடியோவுல எத்தனை நொடி நின்னோம்னு கணக்கெடுத்து, அடுத்ததை அதுவே எடுத்து நீட்டும். அவ்வளவு ஏன், நாங்க வீடியோ எடிட் பண்ணும்போதுகூட முதல் மூணு நொடியில ஆளை நிறுத்தணும்னுதான் மெனக்கெடுறோம். இதுக்கு எதிரா ஒரு பதினாறு வயசுப் பிள்ளையைத் தனியா நிறுத்திட்டு, "மனசை அடக்கு"ன்னு சொல்றது நியாயமா?

கிராமப்புற இந்தியாவுல எடுத்த 2024 ஏசர் ஆய்வைப் பாருங்க. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிஞ்ச 14–16 வயசுப் பிள்ளைகள்ல, முந்தைய ஒரு வாரத்துல படிப்புக்காக அதைத் தொட்டவங்க 57%. சோஷியல் மீடியாவுக்காகத் தொட்டவங்க 76%.

இதுல போறது மார்க் மட்டும் இல்ல. ஒரு பாராவை முழுசாப் படிக்கிற பொறுமை போகுது. ரெண்டு வரி படிச்சதும் கை தானா போனைத் தேடுது. தூக்கம் கெட்டு, முதல் பீரியட்ல கண்ணைத் திறந்துட்டு உட்கார்ந்திருந்தாலும் மண்டையில எதுவும் ஏறுறதில்ல.

போனைப் பிடுங்கி வச்சா சரியாயிடுமா? ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப் குரூப்லதான் வருது! 2020-ல ஆன்லைன் கிளாஸுக்காகக் கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்த வீடுகள் எத்தனை? அதே வருஷம் ஜூன் கடைசியில டிக்டாக்கைத் தடை பண்ணாங்க. ஜூலையிலேயே ரீல்ஸ் வந்துடுச்சு. ஒரு ஆப்பை மூடினா இன்னொண்ணு வரும்.

ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10 முதல் 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்க கணக்கு வச்சிருக்கக் கூடாது. தவறினா அபராதம் கம்பெனிக்குத்தான், பிள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ இல்ல. அந்தப் பார்வை முக்கியம். நம்ம நாட்டு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவங்களைக் குறிவச்சு விளம்பரம் காட்டக் கூடாதுன்னு சொல்லுது. தாள்ல இருக்கிற சட்டம் பிள்ளைங்க கையில இருக்கிற போனுக்கு எப்போ வரும்? இதை நாம தொடர்ந்து கேட்கணும். ஹோம்வொர்க் மறுபடி டைரிக்குத் திரும்பணும். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மனநல ஆலோசகர் வேணும்.

கேள்வி கேட்கறதோட நிறுத்தக் கூடாது. எங்க டீம் முடிவு பண்ணிட்டோம். பொதுத்தேர்வு முடியுற வரைக்கும் ராத்திரி 9 மணிக்கு மேல எந்த ஹேஷ்டேக்கும் கிடையாது. பள்ளி மாணவர் யாரையும் எங்க ஷேரிங் குரூப்ல வச்சிருக்க மாட்டோம். லைக் குறைஞ்சா குறையட்டும்.

பெத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுல இருக்கிற எல்லாப் போனும் ஹால்ல சார்ஜுக்குப் போகட்டும். உங்க போனும்தான்! நிலைமை கைமீறிப் போற மாதிரி தெரிஞ்சா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலிமானஸ், இலவச சேவை.

தம்பி, தங்கச்சி... இந்தப் பதிவுக்கு உங்க லைக்கும் வேணாம், ஷேரும் வேணாம். போனை வச்சுட்டுப் போய்ப் படிங்க. கட்சி வேலை எங்கேயும் போயிடாது. ஓட்டுப் போடுற வயசு வரட்டும், நாங்களே கூப்பிடுறோம்.

- தகவல் தொழில்நுட்ப அணி

#முதல்ல_படிப்பு