கோடு கிழித்தவர் யார்? கணக்குக் கேட்கப்படுபவர் யார்?

குடியிருக்கும் வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகராத ஒருவனைப் பார்த்து, "நீ எந்த நாட்டான்? சான்று காட்டு!" என்று கேட்டால் அவன் சிரிப்பான். ஆனால், அந்தக் கேள்விக்குச் சிரிக்க முடியாமல் தலைமுறை தலைமுறையாகத் தவிக்கும் மக்கள் இந்தியத் துணைக்கண்டத்தின் வடகிழக்கு மூலையில் வாழ்கிறார்கள். பராக் ஆறும் அதன் கிளையாகிய சுர்மாவும் பாயும் அந்தச் சீமையின் பெயர் சில்ஹெட். அதன் பெரும்பகுதி இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. கிழக்கோரத்துத் துண்டு ஒன்று அசாம் மாநிலத்தில் இருக்கிறது. இரு புறத்திலும் வாழ்வோர் உழவர், மீனவர், படகோட்டிகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர். பெரும்பாலோர் பேசுவது ஒரே மொழி, வங்கமொழி.

இந்தச் சீமை 97 ஆண்டுகளில் ஐந்து முறை கைமாறிற்று, தோழர்களே! 1874-ல் வங்கத்திலிருந்து அசாமுக்கு. 1905-ல் அசாமோடு சேர்த்துக் கிழக்கு வங்கத்துக்கு. 1912-ல் திரும்பவும் அசாமுக்கு. 1947-ல் பாகிஸ்தானுக்கு. 1971-ல் வங்கதேசத்துக்கு. இவற்றுள் முதல் மூன்று முறையும் மக்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. நான்காம் முறை கேட்டார்கள். கேட்ட இலட்சணத்தைப் பின்னர் சொல்கிறோம். ஐந்தாம் முறை மக்களே குருதி சிந்தி மாற்றினார்கள்.

1874-ல் ஏன் மாற்றினார்கள்? மொழிக்காகவா, பண்பாட்டுக்காகவா? இல்லை, வரிக்காக! அசாமைத் தனி மாகாணமாக்கிய வெள்ளையர், அந்த மாகாணத்தின் வருமானம் நிர்வாகச் செலவுக்குப் போதவில்லை என்று கண்டனர். பக்கத்தில் மக்கள் நெருக்கமும் நிலவரியும் மிகுந்த சில்ஹெட் இருந்தது. எடுத்து ஒட்டினர். வேண்டாம் என்று சில்ஹெட் மக்கள் வைசிராய்க்கு மனுப் போட்டனர். மனு மேசையில் கிடந்தது. வரி கஜானாவுக்குப் போயிற்று.

இந்த ஒட்டு வேலையால் நொந்தவர் சில்ஹெட் மக்கள் மட்டுமல்லர். அசாமிய மக்களின் நெஞ்சிலும் முள் தைத்தது. அவர்கள் பட்ட பாட்டையும் சொல்லாவிட்டால் நாம் நியாயம் பேசியவர்கள் ஆகமாட்டோம். 1836-ல் வெள்ளையர் ஆட்சி, அசாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்கமொழியைப் புகுத்திற்று. அசாமியம் தனி மொழியே அல்ல, வங்கத்தின் ஒரு பேச்சு வழக்கு என்று வாதித்தோரும் உண்டு. அதை எதிர்த்து அனந்தராம் தேக்கியால் புக்கன் போன்றோர் எழுதினர், வாதாடினர். 37 ஆண்டுகள் சென்ற பிறகே, 1873-ல், அசாமியம் தன் மண்ணில் தன் இடத்தைப் பெற்றது. பெற்ற மறு ஆண்டே சில்ஹெட்டைக் கொண்டுவந்து ஒட்டினால் என்ன ஆகும்? மாகாணத்தின் பெயர் அசாம். அதில் அசாமியம் பேசுவோரைவிட வங்கமொழி பேசுவோர் அதிகம் என்றாயிற்று. கச்சேரிக் குமாஸ்தா வங்காளி, பள்ளி ஆசிரியர் வங்காளி, இரயில்வே உத்தியோகஸ்தர் வங்காளி. அசாமியனுக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம். ஆனால் அது வெள்ளைத் துரைமேல் பாயவில்லை. பக்கத்து வீட்டுக்காரன்மேல் பாய்ந்தது. ஆதிக்கத்தின் சூட்சுமம் இதுதான். ஆள்பவன் கிழித்த கோட்டுக்காக ஆளப்படுபவர் இருவர் அடித்துக்கொள்வார்கள்!

இனி 1947-க்கு வருவோம். ஜூலை 6, 7 ஆகிய இரண்டு நாட்கள் சில்ஹெட்டில் வாக்கெடுப்பு நடந்தது. அசாமில் இருக்க விரும்புவோருக்குக் குடிசைச் சின்னம். கிழக்கு வங்கத்தோடு சேர விரும்புவோருக்குக் கோடரிச் சின்னம். கோடரிக்கு 2,39,619 வாக்குகள், குடிசைக்கு 1,84,041 வாக்குகள். வேறுபாடு 55,578. இந்துக்கள் எல்லாம் ஒரு பக்கம், முஸ்லிம்கள் எல்லாம் மறுபக்கம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையன்று. இந்தியாவிலேயே இருக்கவேண்டும் என்று மௌலானா உசேன் அகமது மதானியின் வழிநின்ற முஸ்லிம்களும் ஊர் ஊராய்ப் பாடுபட்டார்கள்.

நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. வாக்களித்தவர் கணக்கு இருக்கிறது. வாக்களிக்க விடப்படாதவர் கணக்கு எங்கே? சோட்டா நாகபுரியிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வேறு பல பஞ்சப் பிரதேசங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்டு, காடு திருத்தித் தேயிலை வளர்த்த தொழிலாளிகள் அந்த மாவட்டத்தில் இருந்தனர். அவர்கள் நிலையாக வாழ்வோர் அல்லர், அலைகின்ற கூட்டம் என்று சொல்லி அவர்களை ஒதுக்கிவிட்டார்கள். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, தோட்டத்து மண்ணிலேயே புதைபவன் அலைகின்றவனாம்! கப்பலேறி வந்து காசு சேர்த்துக்கொண்டு போகும் தோட்டத் துரை நிலையானவனாம்! அடுத்த ஆண்டே, 1948-ல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியதை நாம் அறிவோம். கொழுந்து பறிக்கும் கைக்கு வாக்குச்சீட்டுப் பிடிக்கத் தகுதியில்லை என்ற நீதியைச் சுர்மாக் கரையிலும் கண்டார்கள், நுவரெலியாவிலும் கண்டார்கள்.

வாக்கெடுப்புக்குப் பின்னர் கோடு கிழிக்க வந்தவர் இரட்கிளிஃப். அதற்குமுன் இந்திய மண்ணை மிதித்திராத இலண்டன் வழக்கறிஞர். பாதார்பூர், ராத்தாபாரி, பாத்தார்கண்டி என்ற மூன்று தாணாக்களையும் கரீம்கஞ்சின் ஒரு பகுதியையும் இந்தியாவில் வைத்தார். மற்றவை பாகிஸ்தானுக்குப் போயின. கோடு கிழித்தவர் ஊர் திரும்பிவிட்டார். கோட்டின்மேல் நின்றவன் அங்கேயே நிற்கிறான். அந்த மூன்றரைத் தாணாக்களும் காசார் மாவட்டத்தோடு சேர்ந்து இன்று பராக் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படுகின்றன.

அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு விடுதலை பெற்ற நாடு என்ன செய்தது? 1960 அக்டோபரில் அசாம் சட்டமன்றம், அசாமியமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றியது. 1836-ல் யார் தலையில் அயல்மொழி சுமத்தப்பட்டதோ, அவர்களே தம் கைக்கு அதிகாரம் வந்ததும் அடுத்தவர் தலையில் சுமத்தினர்! பட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்பார்கள். பட்டவன் பதவிக்கு வந்ததும் வலி மறந்துபோகும் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும் போலும்.

1961 மே 19. தாகூர் பிறந்த நூற்றாண்டு விழா நாடெங்கும் நடந்துகொண்டிருந்த மாதம். அவர் மொழிக்கு உரிமை கேட்டு சில்சார் இரயில் நிலையத்தில் மறியல் செய்த கூட்டத்தின்மீது துப்பாக்கி வெடித்தது. 11 பேர் மாண்டனர். அவர்களில் ஒருத்தி கமலா பட்டாசார்யா. பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்திருந்த சிறுமி. அதன் பிறகுதான் சட்டம் திருந்திற்று. காசார் மாவட்டத்தில் வங்கமொழி ஆட்சிமொழி ஆயிற்று. ஜனவரி 25-ல் மொழிப்போர் ஈகியரை நினைத்துத் தலைவணங்கும் நமக்கு, இந்த 11 பேரும் அயலார் அல்லர்.

அந்தச் சட்டத்தால் அசாம் அடைந்த இலாபம் என்ன? காசி, ஜெயந்தியா, காரோ மலை மக்கள் 1960-லேயே ஒன்று கூடினர். எங்கள்மேலும் மொழியைச் சுமத்துவாயா என்று கேட்டனர். தனி மாநிலம் வேண்டும் என்றனர். 1972 ஜனவரியில் மேகாலயா மலர்ந்தது. அசாமின் தலைநகராக இருந்த ஷில்லாங்கே கைவிட்டுப் போயிற்று. ஒருமைப்பாட்டுக்காக என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் மாநிலத்தையே பிளந்தது!

எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது? சமயம் ஒன்றானால் நாடும் ஒன்று என்று சொல்லிச் சேர்த்த பாகிஸ்தானில், 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்கமொழிக்காக மாணவர் சுடப்பட்டனர். 1971-ல் பாகிஸ்தான் உடைந்தது. 1947-ல் கோடரிக்கு வாக்களித்த அதே சில்ஹெட், 24 ஆண்டுகளில், சமயம் மட்டும் சோறு போடாது, மொழியைக் காக்காது என்று கண்டுகொண்டது. டாக்காவில் மாண்டவர்களின் நாளை 1999-ல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. வாழ்க, வரவேற்கிறோம். ஆனால் அதே மொழிக்காகச் சில்சாரில் மாண்டவர்களின் மே 19-ஐ அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்? ஒரு நாட்டின் ஆட்சி பின்னால் நின்றால் ஈகம் உலக வரலாறு ஆகிறது. ஆட்சி பின்னால் இல்லாவிட்டால் மாவட்டச் செய்தியாய் நின்றுவிடுகிறது.

பிறகு வந்தது "அந்நியர்" கூப்பாடு. 1979 முதல் 1985 வரை அசாமில் கிளர்ச்சி. 1983 பிப்ரவரி 18-ல் நெல்லி வட்டாரத்தில் ஒரே காலைப்பொழுதில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கொலையுண்டனர். பெரும்பாலோர் வங்க வழி முஸ்லிம் உழவர்கள். பெண்களும் குழந்தைகளும் அதிகம். 1985 ஆகஸ்டு 15-ல் உடன்படிக்கை வந்தது. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்குப் பின் வந்தவர் அந்நியர் என்று வரம்பு கட்டினர். அந்த வரம்பை வைத்து எடுத்த குடிமக்கள் பதிவேடு 2019 ஆகஸ்டு 31-ல் வெளியாயிற்று. விண்ணப்பித்தவர் மூன்று கோடியே முப்பது இலட்சத்துக்கு மேல். பெயர் விடுபட்டவர் 19,06,657.

"ஒரு நாடு தன் குடிமக்களைக் கணக்கெடுக்கக் கூடாதா?" என்று கேட்பார் சிலர். எடுக்கட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் யார் யாரிடம் சான்று கேட்பது? 1983-ல் அசாமுக்கென இயற்றிய சட்டம், ஒருவனை அந்நியன் என்பவனே அதை மெய்ப்பிக்கவேண்டும் என்றது. 2005-ல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதது என்றது. அதன்பின் சுமை, குற்றம் சாட்டப்பட்டவன் தலையில் ஏறிற்று. அவனே தன்னை இந்தியன் என்று மெய்ப்பிக்கவேண்டும். கையில் நிலப்பட்டா உள்ளவனுக்கு அது ஒருநாள் வேலை. பிரம்மபுத்திரா வெள்ளம் வீட்டையும் நிலத்தையும் அரித்துக்கொண்டுபோக, கரைவிட்டுக் கரை மாறிய கூலிக்காரன் எதைக் காட்டுவான்? பள்ளிக்கூடம் மிதிக்காமல் இளவயதில் மணமாகி வேற்றூர் போன பெண், தான் இன்னார் மகள் என்பதற்கு எந்த ஏட்டைக் காட்டுவாள்? ஒரு காகிதத்தில் ஓர் எழுத்து, மறுகாகிதத்தில் வேறெழுத்து. அந்த எழுத்துப் பிழைக்காகக் குடும்பமே கலங்குகிறது. நாடு கடத்துவதற்கும் நாடில்லாமல், வீட்டுக்கு அனுப்பவும் மனமில்லாமல், மனிதரை அடைத்துவைக்க கோல்பாரா மாவட்டத்தில் முகாம் கட்டினார்கள்.

அதே 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்குக் கதவு திறந்தது. முஸ்லிமுக்கு மட்டும் அடைத்தது. 1947-ல் சமயத்தைக் கொண்டு கிழித்த கோட்டை 1971-ன் வரலாறு அழித்துக் காட்டியது. அழிந்த கோட்டின்மேல் திரும்பவும் மை பூசுவது அறிவுடைமையா?

சில்ஹெட் வழிவந்த ஒரே குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கப்பலில் கரி அள்ளப்போய் இலண்டனில் உணவுக்கடை வைத்தவன் அங்கே வங்கதேசத்தான். சில்சாரில் இருப்பவன் இந்திய வங்காளி. கௌகாத்தியில் கல் சுமப்பவன்மீது, சான்று கேட்கப்படும் வரையில், அந்நியன் என்ற ஐயம். இந்தப் பெயர்களை அவர்கள் சூட்டிக்கொள்ளவில்லை. கரீம்கஞ்சு மாவட்டத்துக்கு 2024-ல் ஸ்ரீபூமி என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம். பலகைக்குக் கீழே நிற்கும் தொழிலாளியின் கூலி அப்படியே!

பள்ளத்தாக்கின் வங்காளித் தோழர்களுக்கும் ஒரு சொல் உண்டு. அவர்கள் நடுவே விஷ்ணுப்பிரியா மணிப்புரி மொழி பேசும் சிறுபான்மையினர் வாழ்கின்றனர். தம் மொழியில் தொடக்கக்கல்வி கேட்டு அவர்கள் நடத்திய இரயில் மறியலில், 1996 மார்ச் 16-ல் சுதேஷ்ணா சின்கா என்ற இளம்பெண் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானாள். உரிமை கேட்பவனுக்கு அளவுகோல் ஒன்றுதான். மேலே இருப்பவனிடம் கேட்கும்போது நீட்டிய கோலைக் கீழே இருப்பவனுக்குக் கொடுக்கும்போது குறுக்கக் கூடாது.

ஆகவே நாம் சொல்வது இதுவே. எல்லைகளை மாற்றியது அதிகாரம். பெயர்களைச் சூட்டியது அதிகாரம். அதற்கான கணக்கை அதிகாரமே ஒப்புவிக்கட்டும். ஒருவனை அந்நியன் என்று சொல்லும் சர்க்காரே அதை மெய்ப்பிக்கட்டும். மெய்ப்பிக்கும் வரை அவன் குடிமகன். அவன் வாக்கும் கூலியும் ரேஷனும் அவனுடையவை. எந்த மாநிலத்திலும் பெரும்பான்மை மொழி, சிறுபான்மை மொழியின் கழுத்தில் கால் வைக்கக் கூடாது. அசாமிய உழவனும் வங்காளி உழவனும் தோட்டத் தொழிலாளியும் ஒரே வெள்ளத்தில் வீடிழப்பவர்கள். அவர்களை ஒருவரையொருவர் சந்தேகிக்கச் செய்து பதவி நாற்காலியில் அமர்வோரை அவர்கள் மூவரும் சேர்ந்து கேள்வி கேட்கும் நாளில்தான் அந்த மண்ணுக்கு அமைதி. அந்த நாளை விரைவுபடுத்துவோர் பக்கம் நாம் நிற்போம்!