கொண்டைக்கடலை சிலிண்டர்

கொல்லிமலைக்கு ரயில் கிடையாது. 70 கொண்டை ஊசி வளைவுதான் உண்டு. அப்படிப்பட்ட மலைக்கு நான் போன மாதம் ஒரு ரயில் என்ஜினை பஸ்ஸில் எடுத்துப் போனேன். மடியில் வைத்துக்கொண்டு. கண்டக்டர் லக்கேஜ் கேட்கவில்லை. நிஜத்தில் 87 பங்கு பெரியது, இது டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிடும்.

செம்மேட்டில் மகள் வீட்டில் இருக்கிறார் என் மாமா. வயது 84. மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயிலில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டவர். இப்போது பார்வை சுத்தமாகப் போய்விட்டது. என்ஜினைக் கையில் கொடுத்தேன். விரலால் தடவினார். முகம் மாறியது.

"என்னடா இது? ரெண்டு சிலிண்டர்தானே இருக்கு. மேல் ஜோடி எங்கே?"

மாட்டிக்கொண்டேன். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த 'எக்ஸ்' கிளாஸ் என்ஜினுக்கு நாலு சிலிண்டர். கீழ் ஜோடி சக்கரத்தைச் சுற்றும். கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம், சக்கரம் வழுக்கும். அங்கே கீழே உழைத்த ஆவி, மேல் ஜோடிக்குப் போய் இன்னொரு தடவை உழைத்து, நடுத் தண்டவாளத்தைக் கவ்வும் பல்சக்கரத்தைச் சுற்றும். நான் வாங்கியது ஏதோ பொதுவான என்ஜின். பெயின்ட் அடித்து ஏமாற்றப் பார்த்தேன்.

"இது மலை ஏறாதுடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆபீஸில் மெமோ வாங்கியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

சேலம் திரும்பி பிளாஸ்டிக் துண்டை அரம் போட்டுத் தேய்த்து ஒரு சிலிண்டர் செய்தேன். கொண்டைக்கடலை சைஸ். அதைச் சின்னப் பெட்டியில் நிறுத்தி சிலிக்கான் ரப்பரை ஊற்றி, ராத்திரி விட்டு எடுத்தால் அச்சு ரெடி. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கிறார்களே, அதற்கு தூரத்துச் சொந்தம். அங்கே ஒரு சிலைக்கு ஒரு அச்சு, உடைத்தால்தான் சாமி வெளியே வரும். ரப்பர் அச்சு இருபது, முப்பது தடவை தாங்கும். ரெசின் இரண்டு பாட்டில்: சம அளவு கலந்து, மூன்று நிமிஷத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். நாலாவது நிமிஷம் டம்ளரோடு கல்லாகிவிடும். கையுறை அவசியம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

"என் எதிர்லயே ஊத்துடா, சத்தமாவது கேட்கிறேன்" என்றார் மாமா. மறுபடி 70 வளைவு.

செம்மேட்டில் மேகம் வாசற்படி ஏறி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. கலந்தேன், ஊற்றினேன். பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் இல்லை, ஆப்பம். உடம்பெல்லாம் ஓட்டை. இரண்டாவதும் ஆப்பம். மூன்றாவதும்.

காரணம் ஈரம். ஒரு பாட்டிலில் இருக்கும் ஐசோசயனேட்டுக்குத் தண்ணீரைக் கண்டால் போதும், கார்பன்-டை-ஆக்ஸைடு கக்கும். நான் அந்த மேகத்தில் பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தேன்!

மாமா சிரித்தார். "ஈரக் கரியில ஆவி வருமாடா? எல்லாத்தையும் காய வை."

அச்சையும் டம்ளரையும் அடுப்புக்குத் தள்ளி அரை மணி காய வைத்தோம். குமிழி ஒட்டாமலிருக்க அச்சுக்குள் கொஞ்சம் முகப்பவுடர். அது என் அக்கா மகளுடையது, இன்னும் சொல்லவில்லை. புது பாட்டில் திறந்து, ஊற்றி, உடனே மூடினேன். பிரித்தேன். வழவழவென்று சிலிண்டர். இன்னொன்றும் அப்படியே.

ஒட்டிக் கொடுத்தேன். விரல் கீழ் ஜோடியில் போயிற்று, மேல் ஜோடியில் ஏறிற்று, அங்கேயே நின்றது. ரொம்ப நேரம். அக்கா காபியோடு வந்தவள், சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

"இப்ப ஏறும்டா" என்றார் மாமா.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது என்ஜினைத் தலைகீழாகத் திருப்பி அடிவயிற்றைத் தடவினார்.

"ஆமா... பல்சக்கரம் எங்கே?"

"அடுத்த மாசம் செஞ்சு எடுத்துட்டு வரேன் மாமா."

"அவசரமில்லே. நிதானமா செய். நான் இருப்பேன்" என்றார்.

அச்சு ரெடியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு 70 வளைவு.