பிபா என்றொரு நட்சத்திரம்



2019 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் பல நாடுகளுக்கும் ஆளுக்கொரு தொலைதூர நட்சத்திரத்தையும் அதன் கோளையும் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னது. இலங்கை வைத்த சிங்களப் பெயர்களுக்குச் சமாதானம், ஒற்றுமை என்று பொருள். நல்ல பெயர்கள்தான், வானத்தில் வைப்பது சுலபம். இந்தியாவுக்குக் கிடைத்தது நம் சூரியனைப் போன்றதொரு நட்சத்திரம். அதற்கு பிபா சௌத்ரி என்ற பெண் விஞ்ஞானியின் பெயரை வைத்தார்கள்.

1913 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1936 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் பெற்ற ஒரே பெண். பேராசிரியர் டி. எம். போஸுடன் டார்ஜிலிங் மலையில் புகைப்படத் தகடுகளை வைத்து, விண்ணிலிருந்து வரும் கதிர்களைப் பதிவு செய்தார். இலத்திரனைப் போல ஏறத்தாழ 200 மடங்கு திணிவுள்ள துணிக்கைகளின் தடம் கிடைத்தது. உறுதிப்படுத்த இன்னும் நல்ல தகடுகள் வேண்டும். உலகப் போர், தகடுகள் வரவில்லை. யுத்தம் எதையெல்லாம் வரவிடாது என்று நமக்குத் தெரியாதா? பின்னர் அதே வழியில் நல்ல தகடுகளோடு ஆராய்ந்த சிசில் பவலுக்கு 1950 இல் நோபல் பரிசு.

வட்டக்கச்சியில் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு மகளை அனுப்பத் தயங்கும் தாய்மாருக்கு இதைச் சொல்வதுண்டு. "பரிசு கிடைக்காதவவின்ரை கதை எங்கட பிள்ளையளுக்கு ஏன், பிள்ளை?" என்று கேட்டார் ஓர் அம்மா. பிபா பிறகு மான்செஸ்டரில் கலாநிதிப் பட்டம் பெற்றதையும், முதுமையிலும் ஆராய்ச்சியை விடாததையும் சொன்னேன்.

அந்தக் கோள் வியாழனைப் போல ஒன்றரை மடங்கு திணிவுள்ளது. நமது இரண்டு நாளும் சில மணித்தியாலமும் அங்கே ஒரு வருடம். நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சிறிய தொலைநோக்கி கிடைத்தால் மாசி, பங்குனி இரவுகளில் சிங்க ராசிக்குத் தெற்கே தேடலாம்.