முண்டு மிளகாயும் வாக்குச் சுத்தமும்

வீட்டு ஸ்திரீகள் "வியாபாரம் செய்யப் போகிறேன்" என்று சொன்னால் புருஷர்கள் புன்னகை செய்வது நெடுங்கால வழக்கம். என் சிநேகிதர் ஒருவரும் அப்படித்தான் புன்னகை செய்தார். அவருடைய மனைவி மாடியில் தொட்டிகள் வைத்து, ராமநாதபுரம் முண்டு மிளகாயும் நீண்ட சம்பா மிளகாயும் வளர்த்து வந்தார். பழுத்த முண்டு மிளகாயிலிருந்து விதை எடுத்து, 25 விதை அடங்கிய பொட்டலம் 40 ரூபாய் என்று இணையத்தில் படத்துடன் விளம்பரம் செய்தார். கடை வாடகை இல்லை, குமாஸ்தா இல்லை, காகித உறையும் தபால் செலவுமே முதல். மூன்று மாதத்தில் 46 பொட்டலங்கள் போயின. சிநேகிதர் புன்னகையை நிறுத்திவிட்டு, உறைகளுக்கு விலாசம் எழுதத் தொடங்கினார்.

சங்கடம் பிறகுதான் வந்தது. மீதியிருந்த விதையில் அம்மாள் தாமே பத்துச் செடி போட்டார். ஏழு செடிகளில் குண்டு குண்டாய்க் காய்த்தது. மற்ற மூன்றிலும் காய்த்தது முண்டும் அல்ல, சம்பாவும் அல்ல; இரண்டுக்கும் நடுவே, நுனி கூர்த்த ஏதோ ஒன்று!

"விதை எடுத்த பழம் ஒவ்வொன்றையும் நானே பார்த்தேன், அண்ணா! அத்தனையும் உருண்டைதான். அப்படியிருக்க, இது எப்படி நேர்ந்தது?" என்று என்னிடம் கேட்டார்.

நேர்ந்தது இதுதான். மிளகாய்ப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகவே இருக்கின்றன. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆனாலும் தேனீயும் எறும்பும் சும்மா இருப்பதில்லை. அடுத்த தொட்டியிலுள்ள சம்பாவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. அப்படிக் கலந்தாலும் பழம் தாயைப் போலவே உருண்டையாக இருக்கும். கலப்பு ஒளிந்திருப்பது விதைக்குள். அடுத்த தலைமுறை காய்க்கும்போதுதான் அது வெளிப்படும். துணி வாங்குகிறவர் தடவிப் பார்க்கலாம். நெய் வாங்குகிறவர் முகர்ந்து பார்க்கலாம். விதை வாங்குகிறவருக்கோ விற்பவரின் வாக்கு ஒன்றே ஆதாரம். வாக்குப் பொய்த்தால் நஷ்டம் நாற்பது ரூபாய் மட்டுமல்ல. ஒரு பருவத்து உழைப்பும் நம்பிக்கையும் சேர்ந்து போகின்றன.

"வாங்கினவர்களுக்கு இது தெரியவா போகிறது? மண்ணின் குணம் என்று நினைத்துக்கொள்வார்கள். பேசாமல் இரு" என்றார் சிநேகிதர்.

அம்மாள் பேசாமல் இருக்கவில்லை. 46 பேருக்கும் நடந்ததை உள்ளபடி எழுதி, பணத்தையும் திருப்பி அனுப்பினார். பணத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் உண்டு. பதிலே எழுதாதவர்களும் உண்டு. "பணம் வேண்டாம், அடுத்த பருவத்தில் நல்ல விதை அனுப்புங்கள்" என்று எழுதியவர்களும் உண்டு.

இது அற்ப விஷயமென்று நேயர்கள் எண்ண வேண்டாம். கதர் இயக்கம் வளர்ந்த காலத்தில் மில் துணியைக் கதர் என்று சொல்லி விற்றவர்கள் இருந்தார்கள். அதனாலேயே, 1925-இல் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கம் கதர் விற்பவர்களுக்கு நற்சாட்சிப் பத்திரம் அளிக்க வேண்டியிருந்தது. சுதேசிச் சரக்கு என்றால் பிறந்த இடம் மட்டும் போதாது, நாணயமும் வேண்டும். மிளகாயே அந்நிய நாட்டிலிருந்து வந்ததுதானே! அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. அதை ராமநாதபுரத்து வறண்ட பூமியில் தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கி வைத்து நம்முடையதாக்கியவர்கள் குடியானவர்கள். 2023-இல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தப் பொறுமைக்கு உண்டான மரியாதை. கலந்த விதையை அந்தப் பெயரால் விற்பது அவர்கள் தேடிவைத்த சொத்தைக் கரைப்பதாகும்.

இத்தொழிலில் இறங்க விரும்பும் குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். சான்று பெற்ற மிளகாய் விதைக்கு, வேறு ரகத்திலிருந்து 200 மீட்டர் தூரம் விலகியிருக்க வேண்டுமென்பது விதி. மாடியில் அதற்கு இடமேது? ஆகவே மொட்டு விரியுமுன் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கிளையை மூடுங்கள். அவ்வப்போது கிளையை மெல்ல அசைத்தால் மகரந்தம் உதிரும். காய் பிடித்ததும் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டுப் பையை எடுத்துவிடலாம். நன்றாய்ச் சிவந்த பழத்திலிருந்து மட்டும் விதை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். விற்குமுன் நூறு விதையை ஈரத்துணியில் வைத்து இரண்டு வாரம் பாருங்கள். 60-க்குக் குறையாமல் முளைக்க வேண்டுமென்பது சான்று விதைக்கான அளவு. முளைத்த எண்ணிக்கையையும் அறுவடை மாதத்தையும் உறையிலேயே எழுதிவிடுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்துச் செடியிலிருந்து விதை எடுத்து விற்காதீர்கள். அது தாயைப் போலப் பிறக்காது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 2001-ஆம் ஆண்டுச் சட்டம், குடியானவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் பெயரைப் பொறித்து உறையிலிட்டு விற்க மட்டும் இடமில்லை. விதை விற்பனையைத் தொழிலாக நடத்துவோர் உரிமம் பெற வேண்டுமென்பது 1983-ஆம் ஆண்டு உத்தரவு. ஆகையால் முதல் உறையை ஒட்டுமுன் வேளாண்மைத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் விசாரிப்பது நலம். அம்மாள் இதைப் பிந்தித்தான் அறிந்தார். அறிந்தவுடன் விண்ணப்பம் எழுதிவிட்டார்.

இப்போது அவருடைய மாடியில் கிளைதோறும் வெள்ளைப் பைகள் தொங்குகின்றன. பைக்குள் பழுத்தது கொஞ்சந்தான். பன்னிரண்டு பொட்டலத்துக்கு மேல் தேறாதாம். "போன வருஷத்தில் கால் பங்கு" என்று சிநேகிதர் கணக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, கிழிந்திருந்த ஒரு பையைத் தைக்க ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தார்.