குறை சொன்னவனைக் குடிபெயர்க்காதீர்

செட்டிகுளத்திலே வீடு கட்டுவோரும் நம்மவர். அவ்வீட்டில் வாடகைக்குக் குடியிருப்போரும் நம்மவர். வயலில் கண்ட வருவாயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து உழவர் எழுப்பிய அறைகளிலேதான், மாற்றலாகி வரும் ஆசிரியரும் தாதியரும் இலிகிதரும் குடிபுகுகின்றனர். வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு என்று இரு சாராரும் பேசுகின்றனர். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று பேசுவாரில்லை. இதற்குக் காரணம் மறதியன்று, அச்சமே என்பது எமது துணிபு.

சுவரிலுள்ள சுவிச்சைத் தொட்டால் சுடுகின்றது. பிளக் செருகும்போது பொறி பறக்கின்றது. குடியிருப்பவர் கண்டும் வாய் திறப்பதில்லை. குறை சொன்னால் வீட்டை விட்டுப் போகச் சொல்வார்களே என்று அஞ்சுகிறார். உரிமையாளரோ இத்தனை நாளும் ஒன்றும் நடக்கவில்லை என்று வாளாவிருக்கிறார். இந்த மௌனத்துக்குள்ளேதான் நெருப்பு வளர்கின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது? நம் நாட்டு வாடகை உறவுக்கு அடிப்படையான உரோமன் டச்சுச் சட்டப்படி, உரிமையாளர் வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையிலே கையளித்தல் வேண்டும். வாடகைக் காலம் முழுவதும் அந்நிலையிலே பேணுதலும் வேண்டும். குடியிருப்பவர் அதனைக் கவனத்துடன் பயன்படுத்தல் வேண்டும்; தம் கவனக்குறைவால் நேரும் சேதத்துக்கு அவரே பொறுப்பாளர். கடமை இருவருக்கும் உண்டு. பரிகாரமோ சமமாயில்லை. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை உரிமையாளர் விரைவாக மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்தது. அதனை நாம் குறைகூறோம். ஆனால் இடத்தை மீட்க விரைவு வழி வகுத்தோர், அவ்விடத்திலே உறங்கும் உயிரைக் காக்க அத்தகைய வழி வகுத்திலர்.

குடியிருப்போர் சொல்லைக் கேளாததன் விலையை இலண்டன் மாநகர் அறியும். 2017 யூன் 14ஆம் நாள் கிரென்பெல் மாடிக் கட்டடத்திலே ஒரு சமையலறையிற் பற்றிய தீ, வெளிச்சுவர்ப் பூச்சுத் தகடுகளின் வழியே உச்சிவரை ஏறி 72 உயிர்களைக் குடித்தது. ஆபத்து உண்டென்று அங்கு வாழ்ந்தோர் முன்னரே எச்சரித்திருந்தனர், செவிகொடுப்பாரில்லை. இங்கிலாந்தில் இன்று வாடகை வீட்டின் மின்னிணைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையின் பிரதியைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டுமென்பது 2020ஆம் ஆண்டின் விதி.

இங்கே மாடிகள் இல்லையே என்பீர். 2021ஆம் ஆண்டின் இறுதியிலே நம் நாடெங்கும் எரிவாயுச் சிலிண்டர்களும் அடுப்புகளும் வெடித்தபோது, மாடியென்றும் குடிசையென்றும் தீ பார்த்ததா? எரிவாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மணம் வந்தவுடன் சுவிச் எதனையும் தொடாது, சிலிண்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறப்பதே அறிவுடைமை. சிலிண்டரும் குழாயும் பெரும்பாலும் குடியிருப்பவருடையவை. அவற்றைப் பேணும் கடமையும் அவருடையதே.

ஆதலால் வாடகை உடன்படிக்கையிலே ஒரு பக்கம் கூட்டுங்கள். உரிமையாளர் திறப்பைக் கொடுக்குமுன் தேர்ச்சி பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு வயர்களையும் ட்ரிப் சுவிச்சையும் சோதிப்பிக்கட்டும். உருகிக்கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பி கட்டும் வழக்கத்தை ஒழிக்கட்டும். படுக்கையறை யன்னல் ஒன்றின் இரும்புக் கிராதியையேனும் உள்ளிருந்து திறக்கத் தக்கதாக அமைக்கட்டும். குடியிருப்பவர் ஒரே பிளக்கிற் பல கருவிகளைப் பூட்டாதிருக்கட்டும். வெடித்த எரிவாயுக் குழாயை உடனே மாற்றட்டும். பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் அடுப்பருகே வையாதிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தை எழுத்தில் அறிவித்தவரை அக்காரணத்துக்காக வெளியேற்றுவதில்லை என்ற ஒரு வரி அதிலே இருக்கட்டும்.

இத்தகைய பக்கமொன்றைத் தமிழிலே அச்சிட்டு வழங்குதலும், கட்டட அனுமதியின்போது வெளியேறும் வழியைப் பார்த்தலும் வெங்கலச்செட்டிகுளம் பிரதேச சபைக்கு இயலாத காரியங்களல்ல. வவுனியாவிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேருமுன் ஓர் அறை எரிந்து முடிந்துவிடும்.

2009ஆம் ஆண்டிலே மெனிக் பாம் முகாம்களின் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நம் மக்கள் அடைபட்டுக் கிடந்த மண் இது. கூரையின் அருமையை இம்மண்ணுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அக்கூரையின் கீழ் அச்சமின்றிக் குறைசொல்லும் உரிமையை வாடகைக்காரனுக்கு வழங்குவோம். அது உரிமையாளரின் வீட்டையும் காக்கும்.